சமநிலைப் பொறுப்பாளர்

பெட்ரோல் விலை ஏறியதற்கும் சவுரியப்பனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும்போது அதன் வாசனையை முகர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். யூனியன் ஆபீசில் பியூன். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய சைக்கிளில் ஆபீசுக்குப் போய் வருபவன். அப்படிப்பட்டவன், நாட்டின் பெட்ரோலைக் காப்பாற்றுவதற்காக நடுரோட்டில் நாக்குத் தள்ள ஓட வேண்டியதாயிற்று.

எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம். பெட்ரோலைச் சிக்கனப்படுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், மாவட்டத்தில் 'எரிபொருள் சிக்கன மிதிவண்டிப் பயணக் குழு' ஒன்று உதயமாயிற்று. மொரப்பூரில் கிளம்பி, தர்மபுரி, இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை நாலு நாள் சைக்கிளில் போக வேண்டும். வழியிலுள்ள ஊர்களில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சொல்லிப் பேச வேண்டும். அந்த ஊர்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் குடிக்கிற வண்டி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே பிரசாரம் முழு வெற்றி பெறும் என்பதில் குழுவுக்குச் சந்தேகமே இல்லை.

குழுத் தலைவர் யூனியன் சேர்மன் தீர்த்தகிரி. செயலாளர், விரிவாக்க அதிகாரி மாரியப்பன். பயணிகள் நாற்பது பேர். அவர்களுக்குப் பின்னால் சைக்கிள்களை ஏற்றிக்கொள்ள ஒரு லாரி, ஒலிபெருக்கிக்கு ஒரு வேன், பயணிகளை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ், தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் ஜீப்புகள். சிக்கனப் பிரசாரம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக இவற்றுக்கெல்லாம் விசேஷ அனுமதியில் கூடுதல் எரிபொருள் வழங்கப்பட்டிருந்தது. ஊர் எல்லைக்குச் சற்று முன்னால் எல்லா வண்டிகளும் நிற்கும். சைக்கிள்கள் இறங்கும். பயணிகள் சட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வேர்த்துப் போனவர்களாக வரவேற்பு வளைவுக்குள் நுழைவார்கள்.

முதல் நாள் காலை மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு சிறு உண்மை வெளிப்பட்டது. சேர்மனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயதில் வில்வண்டி, வாலிபத்தில் பஸ், பதவிக்கு வந்ததும் ஜீப் என்று அவர் வாழ்க்கை சைக்கிளைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டது. மாலையும் கழுத்துமாகச் சீட்டில் உட்கார்ந்தார். பேண்டு முழங்கியது. சைக்கிள் இடது பக்கமாகச் சாயத் தொடங்கியது. சோடாப் பெட்டியோடு பக்கத்தில் நின்ற சவுரியப்பன், பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தான். பிடித்தபடியே பஜார் முழுக்க ஓடினான்.

அன்று மத்தியானம் மாரியப்பன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னப்பா, தலைவருக்குச் சைக்கிள் தெரியாதுன்னு வெளியில சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேனுங்க."

"தெரியாதுன்னு யாரு சொன்னது? தெரியும். சமநிலைதான் கொஞ்சம் பத்தலை. அது தனி இலாகா. அதுக்கு உன்னைப் பொறுப்பாளராப் போட்டிருக்கு."

பயணிகள் சட்டையில் குத்திக்கொள்ளும் ரோஜாச் சின்னம் சமநிலைப் பொறுப்பாளருக்குக் கிடையாது. பின்னால் நிற்கிறவன் கண்ணில் படக் கூடாது. அவனை மறைப்பதற்காகவே சேர்மன் சைக்கிளின் கேரியரில் 'பெட்ரோல் சிக்கனம் நாட்டுக்கு நலம்' என்ற பெரிய பேனர் கட்டப்பட்டது. அவனுடைய சொந்தச் சைக்கிளை ஏற்றிக்கொள்ள லாரிக்காரன் மறுத்துவிட்டான். அது குழுவின் சைக்கிள் இல்லையாம். பஸ்ஸிலும் பயணிகளுக்கு மட்டும்தான் இடம். எனவே ஊருக்கு ஊர் தூரம் முழுவதையும் உண்மையாகவே மிதித்துக் கடந்தவன் சவுரியப்பன் ஒருவன்தான். ஊர் எல்லையில் தன் சைக்கிளைப் புளியமரத்தில் சாத்திவிட்டு, சேர்மன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். கூட்டம் முடிந்ததும் திரும்பி நடந்துபோய் அதை எடுத்து வருவான்.

இவ்வளவுக்கும் அவன் முகம் சுளிக்காததற்குக் காரணம் லூர்துமேரி.

லூர்துமேரி அவன் பெண்டாட்டி. வத்தல்மலையில் யூனியன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர். மலைக்கு ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். பிரசவ லீவு கேட்டால், பதிலுக்கு ஆள் வந்தால் இறங்கலாம் என்றார்கள். மலைக்குப் பதில் ஆளாக வர யாரும் தயாராயில்லை. போன மழைக்காலத்தில் மலைக்காரப் பெண் ஒருத்தியைத் தூளி கட்டித் தூக்கி வந்தபோது பாதி வழியில் பாறைமேலேயே பிரசவமாகி, பிள்ளை தங்கவில்லை. அந்தப் பாறையைத் தாண்டித்தான் சவுரியப்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து மலை ஏறுவான்.

இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலி. சேர்மன் சரி என்றால் போதும். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் திறந்து கேட்டுவிட்டான்.

"அட, இதுக்கா இப்படி நெளியற?" என்றார் சேர்மன். "நீ சீட்டைக் கெட்டியாப் புடி. பென்னாகரம் கூட்டம் முடிஞ்ச கையோட உன் சம்சாரம் இண்டூர்ல இருப்பா. இது தீர்த்தகிரி வாக்கு!"

இதோ மூன்றாம் நாள். தர்மபுரியிலிருந்து காலையில் கிளம்பி, சாயங்காலம் பென்னாகரம் போய்ச் சேர வேண்டும். முதுகுக்குப் பின்னால் வத்தல்மலை நீலமாகத் தெரிந்தது. சவுரியப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு பெடலை மிதித்தான். பஸ் அவனைத் தாண்டிப் போனபோது உள்ளேயிருந்த மிதிவண்டி வீரர்கள் கையசைத்தார்கள். புழுதி அடங்கச் சிறிது நேரமாயிற்று.

அதகபாடியில் வளைவு, மாலை, ஆரத்தி, சோடா, போட்டோ, பேச்சு. சேர்மன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! நாங்கள் நாற்பது பேர். நாற்பது பேரும் நாற்பது காரில் வந்திருந்தால் எவ்வளவு பெட்ரோல் செலவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் இன்று மிச்சம்! இன்னும் நானூறு பேர் எங்களோடு வந்திருந்தால் மிச்சம் பத்து மடங்காகியிருக்கும். நீங்கள் வராததால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் பார்த்தீர்களா?"

கூட்டம் குற்ற உணர்ச்சியோடு கை தட்டியது. முன்வரிசையில் தலைப்பாகையோடு நின்ற மாதையன் என்ற விவசாயி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, மிச்சம் புடிச்சத எங்கீங்க வெச்சிருக்கீங்க? எங்க ஆயில் இஞ்சின் ஒரு வாரமா சும்மா நிக்குது. ஒரு டின்னு குடுத்தீங்கன்னா அவரைக்குத் தண்ணி பாய்ச்சிக்குவோம்."

மாரியப்பன் மைக்கை வாங்கினார். "அது கொள்கை அளவிலான மிச்சம். டின்னில் பிடிக்க முடியாது."

"அப்ப ஜீப்புல ஊத்தறது?"

"அது செயல் அளவிலான செலவு."

மாதையன் யோசித்தபடியே கையை இறக்கினார். நிர்வாகத்தில் இவ்வளவு நுட்பம் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இண்டூர் வளைவுக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சவுரியப்பனுக்கு உள்ளங்கை கொப்புளித்திருந்தது. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த ராயம்மாள் வாய்விட்டுக் கத்தினாள்:

"அடியாத்தே! பேனருக்குக் கால் மொளைச்சிருக்குதே!"

கடையே சிரித்தது. சிரிப்பு பின்னாலிருந்து வந்ததால், வரவேற்பு பலமாக இருப்பதாக எண்ணிச் சேர்மன் ஒரு கையைத் தூக்கி வணங்கினார். சைக்கிள் ஆடியது. பேனருக்குப் பின்னால் இருந்த கால்கள் இடதும் வலதுமாகப் பின்னிக்கொண்டு சமாளித்தன.

சாப்பாடு பள்ளிக்கூட வராந்தாவில். பயணிகளுக்குக் கறிச்சோறு. சவுரியப்பன் பந்தியில் உட்காரப் போனபோது பரிமாறுகிறவர் தடுத்துவிட்டார்.

"ரோஜாப்பூ இல்லீங்களே உங்களுக்கு?"

"நான் சமநிலைப் பொறுப்பாளருங்க."

"அப்படின்னா?"

அவன் யோசித்தான். என்ன என்று சொல்லக் கூடாது என்பதுதான் அவன் பொறுப்பே. பந்தியை விட்டு விலகி வந்தான்.

ராயம்மாள் கூப்பிட்டு டீயும் ரெண்டு போண்டாவும் கொடுத்தாள். "அந்தப் பெரிய மனுசனுக்கு ஓட்டத் தெரியாதுதானே? சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஊருல எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்."

"அவுரு நல்லவருங்க. எங்க வூட்டுக்காரிய இந்தப் பள்ளிக்கூடத்துக்கே மாத்தித் தர்றேன்னிருக்காரு."

"இங்கயா? வரட்டும், வரட்டும். கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. ஆசுபத்திரியும் பக்கம்." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். "டீச்சரம்மா வந்து குடுக்கட்டும்."

சவுரியப்பன் அந்த அறையை எட்டிப் பார்த்தான். ஜன்னல் இருந்தது. தொட்டில் கட்ட விட்டமும் இருந்தது. பிற்பகல் ஓட்டத்துக்கு அதுவே தெம்பு கொடுத்தது.

இண்டூரை விட்டு வெளியேறும்போதும் ஊர் கண்ணுக்கு மறைகிற வரை சேர்மன் சைக்கிளில்தான் போக வேண்டும். ரோடு லேசான இறக்கம். கறிச்சோறு தந்த திருப்தியில் சேர்மன் கலகலப்பாகப் பேசிக்கொண்டே போனார். சவுரியப்பன் 'சரிங்க, சரிங்க' என்று ஓடினான். கொப்புளம் உடைந்து, வேர்வையில் பிடி வழுக்கியது. அடுத்த கணம் கையில் சீட் இல்லை.

அவன் நின்றுவிட்டான். சைக்கிள் நிற்கவில்லை.

சேர்மன் போய்க்கொண்டேயிருந்தார். நேராக, ஆடாமல், அசையாமல். தோளுக்கு மேலே விரலை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டும் போனார். என்ன பேசுகிறார் என்று சவுரியப்பனுக்குக் கேட்கவில்லை. வெகுதூரம் போன பிறகு, பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். பொறுப்பாளர் எங்கோ ரோட்டில் எறும்பு மாதிரி நின்றான். அவ்வளவுதான், சமநிலை போயிற்று. சைக்கிளும் சேர்மனும் பேனரும் கொள்ளுக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

சவுரியப்பன் 'மாதாவே' என்று அலறிக்கொண்டு ஓடினான். முன்சக்கரம் வளைந்திருந்தது. சேர்மன் கொள்ளுக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடிக்கப் போகிறார் என்று இவன் பயந்தான். ஆனால் அவர் முகம் பளபளத்தது.

"டேய் சவுரி, நானாடா ஓட்டினேன்?"

"ஆமாங்க."

"நீ புடிக்கல?"

"இல்லீங்க, நழுவிடுச்சுங்க. மன்னிச்சுக்கோங்க."

"மன்னிக்கறதா! இன்னொரு வாட்டி ஏத்துடா என்னை!"

வளைந்த சைக்கிளில் ஏற முடியாது. சவுரியப்பன் ஊருக்குள் ஓடிப்போய்த் தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்தான். ஹேண்டில்பாரில் லூர்துமேரி ஒட்டிய வேளாங்கண்ணி மாதா படம் இருந்தது. சேர்மன் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே ஏறினார்.

பிறகு நடந்ததை நினைத்தால் சவுரியப்பனுக்கே ஆச்சரியம். பொறுப்பு, பேனர் எல்லாம் மறந்துபோயிற்று. "கீழ பார்க்காதீங்க, தூரமாப் பாருங்க! மிதிங்க, மிதிங்க, நிறுத்தாதீங்க!" என்று கூவிக்கொண்டே கூட ஓடினான். ஐம்பது வயதைத் தாண்டிய சேர்மன் 'ஹேய்' என்று சத்தம் போட்டார். விழுந்தார், எழுந்தார், மறுபடி ஏறினார். வெயில் இறங்கும் நேரத்தில் தானாகவே ஏறி, தானாகவே மிதித்து, தானாகவே இறங்கினார். சவுரியப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பன்கூட இதைக் கத்துக் குடுக்கல. நீ எனக்கு வாத்தியாருடா!"

இதையெல்லாம் மாரியப்பன் தூரத்தில் ஜீப்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பார்வை சேர்மனை விட்டுச் சவுரியப்பன்மேல் வந்து நின்றது. சாப்பிட்டு முடித்த இலையைப் பார்க்கிற பார்வை. பிறகு சேர்மனை ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப் போய் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்.

பென்னாகரத்தில் வளைவுக்கு முன்னால் பம்பையும் நாதசுரமும் போட்டி போட்டன. சேர்மன் சவுரியப்பனின் சைக்கிளிலேயே, யாரும் பிடிக்காமல், மணியடித்துக்கொண்டு நுழைந்தார். வளைந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சவுரியப்பன் பின்னால் போனான். உடைந்த வண்டி வளைவுக்குள் வந்தால் அபசகுனம் என்று தொண்டர்கள் அவனைச் சந்து வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆகவே சேர்மனின் பேச்சை அவன் மேடைக்குப் பின்புறமிருந்துதான் கேட்டான்.

"பென்னாகரத்துப் பெருங்குடி மக்களே! பின்னாலிருந்து ஒருவன் பிடித்தால்தான் போவேன் என்பவன் தலைவனல்ல! என்னை இதுவரை யாரும் பிடித்ததில்லை. எத்தனையோ பேர் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை!"

கைதட்டல்.

"இதோ, இந்த மிதிவண்டியைப் பாருங்கள். சீட்டுத் தோல் தேய்ந்திருக்கிறது. பெடல் கட்டை பாதியாகிவிட்டது. சிறுவனாக இருந்தபோது ஏறினேன், இன்றுவரை இறங்கவில்லை! ஒரு இந்து விவசாயியின் வண்டியில் மாதா படம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இதுதான் ஐயா ஒருமைப்பாடு! பெட்ரோலையும் சேமித்து, அதே செலவில் ஒருமைப்பாட்டையும் வளர்ப்பவன் நான்!"

பம்பை அடித்தது. சவுரியப்பன் தன் சைக்கிளை மேடை இடுக்கு வழியாகப் பார்த்தான். அதற்கும் மாலை போட்டிருந்தார்கள்.

"இன்னொரு நற்செய்தி," என்றார் சேர்மன். "எங்கள் ஆபீசிலே ஒரு கடைநிலை ஊழியன். மனைவி மலையிலே, இவன் கீழே. பிரசவ காலத்திலே பிரிந்திருக்கும் அந்தத் தம்பதியரை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களை ஒன்று சேர்த்து வைக்க முடிவு செய்துவிட்டேன். வா, சவுரியப்பா!"

யாரோ அவனை மேடையில் தள்ளினார்கள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. ஜன்னலுள்ள அறையும் விட்டமும் மனசில் வந்து நின்றன. கை கூப்பினான்.

"நாளை காலை முதல் இவன் வத்தல்மலைப் பள்ளிக்கூடத்துக்கே காவலராக நியமிக்கப்படுகிறான்!"

கூப்பிய கை அப்படியே நின்றது. கைதட்டல் மட்டும் ஓயவில்லை. அந்தக் கைதட்டலிலேயே அவன் தோளில் ஒரு துண்டு விழுந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் சேர்மன் பின்னாலேயே போனான்.

"ஐயா, அவளைக் கீழ எறக்கித் தாங்கன்னுதானே கேட்டேனுங்க. என்னை மேல ஏத்தச் சொல்லலீங்களே."

சேர்மன் கூலிங்கிளாஸைத் துடைத்தார். மாரியப்பன் பதில் சொன்னார்.

"புருசன் பொண்டாட்டி ஒரு இடத்துல இருக்கணும்கிறதுதானே கோரிக்கை? எந்த இடம்கிறது நிர்வாகம் முடிவு பண்றது. பிரசவ நேரத்துல நீ பக்கத்துல இருக்கணுமேன்னு தலைவர் இரக்கப்பட்டிருக்காரு. நன்றி சொல்லுப்பா."

"வாக்குக் குடுத்தீங்களேங்க," என்றான் சவுரியப்பன், சேர்மனை மட்டும் பார்த்து. "இண்டூர்னு சொன்னீங்களே."

"இண்டூர் இறக்கத்துல எல்லாம் விவரமாச் சொல்லிக்கிட்டுத்தானே வந்தேன்," என்றார் சேர்மன், சற்றுக் கோபமாகவே. "அந்த எடத்தை மாரியப்பன் கொழுந்தியாளுக்குக் குடுக்க வேண்டியதாப் போச்சு, மனசுல வெச்சுக்காதேன்னு அப்பவே சொன்னேன். நீ அங்க இல்லேன்னா நான் என்ன பண்றது?"

இண்டூர் இறக்கத்தில் அவர் தோளுக்கு மேலே ஆட்டிய விரலுக்கு அர்த்தம் இப்போதுதான் சவுரியப்பனுக்குப் புரிந்தது. கொள்ளுக் காட்டில் கட்டிப் பிடித்துக்கொண்டதும், வாத்தியார் என்றதும் அதற்கும் பிறகு.

"என் சைக்கிளாவது குடுங்க. வூட்டுக்குப் போயி சாமான் எடுக்கணும்."

மாரியப்பன் சிரித்தார். "மலைக்குச் சைக்கிள் எதுக்கப்பா? அது இனிமே சாமானியச் சைக்கிளா? தலைவர் சின்ன வயசுலேருந்து ஓட்டினது. ஆபீஸ் வராந்தாவுல கண்ணாடி போட்டு வைக்கப் போறோம். நாளைக்கு ஒகேனக்கல் வரைக்கும் அவரே ஓட்டறாரு. நீ பஸ்ஸுல போ."

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லூர்துமேரிக்குச் சேதி சொல்ல இனி ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நாளை நேரிலேயே போய்ச் சொல்லலாம். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கடைவீதி முனையில் பஸ் நின்றுவிட்டது. எதிரே கூட்டம். நடுவில் சேர்மன், தெருவுக்குத் தெரு சைக்கிளில் ஒரு சுற்று வந்துகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். முன்சீட்டில் இருந்த அம்மாள் மூக்கின்மேல் விரலை வைத்தாள். "இந்த வயசுல எப்படி ஓட்டறாரு பாருங்க! பழகின கைங்க அது."

பஸ்ஸுக்கு வெகு அருகில் வந்தபோது சேர்மன் கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். சைக்கிள் ஆடியது. இடது பக்கமாகச் சாய்ந்தது.

சவுரியப்பனின் கை தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டது. விரல்கள் விரிந்து, சீட்டைத் தேடி.

சேர்மன் விழவில்லை. சமாளித்துக்கொண்டு, மணியடித்தபடி கடந்து போய்விட்டார். நீட்டிய கை மட்டும் வெளியே இருந்தது.

"யோவ், கைய உள்ள எடுய்யா," என்று கண்டக்டர் கத்தினார். "பெரிய மனுசங்க போற எடம், மேல பட்டுடப் போவுது!"